மடிக்கும் போனா, சாதா போனா: வாங்கும் முன் செய்ய வேண்டியவை, ஒவ்வொரு படியாக

மடிக்கும் போன் வாங்க நினைப்பவர்கள் பலர், கடையில் உள் திரையை விரித்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்திலேயே மனதுக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஆஃபர், இஎம்ஐ, எக்ஸ்சேஞ்ச் என்று பேச்சு போய்விடும். எடை, தூசி, சர்வீஸ் செலவு எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: முதலில் உங்கள் பழக்கம், பிறகு நீங்கள் புழங்கும் இடம், அப்புறம் செலவு, கடைசியில்தான் கடை.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஏழு படிகளுக்குக் கடைக்கே போக வேண்டியதில்லை. நடுவில் ஏதாவது ஒரு படியில் "இது எனக்கு ஒத்துவராது" என்று தெளிவானால் அங்கேயே நிறுத்திக்கொண்டு சாதா போனைத் தேடலாம். மீதிப் படிகளில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இப்போது பயன்படுத்தும் போன், அதில் ஒரு வாரப் பயன்பாட்டுக் கணக்கு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியில் எந்த ஆப் எவ்வளவு நேரம் ஓடியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை போனைத் திறந்தீர்கள் என்பது இருக்கும். ஐபோனில் ஸ்க்ரீன் டைம் பகுதியைப் பாருங்கள்.

நீங்கள் வாங்க நினைக்கும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற விவரம். கடைக்குப் போகும்போது தினமும் போடும் உடை, தினமும் எடுத்துப்போகும் பை. இதெல்லாம் எதற்கு என்பது அந்தந்தப் படியில் புரியும்.

1. மூன்று வகையையும் தனித்தனியாகப் பாருங்கள்

மடிக்கும் போன் என்று ஒன்றாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது, சாதா போனையும் சேர்த்தால் மூன்று. மடிக்கும் வகை இரண்டும் எதிரெதிரான தேவைகளுக்காகச் செய்யப்பட்டவை.

புத்தகம் போல விரிவது ஃபோல்டு. மூடியிருக்கும்போது சாதா போன் அளவில் இருக்கும், விரித்தால் சின்ன டேப்லெட் ஆகும். சாம்சங் கேலக்ஸி இசட் ஃபோல்டு 7, கூகுள் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு, விவோ எக்ஸ் ஃபோல்டு வரிசை இந்த வகை.

மேலிருந்து கீழாக மடிவது ஃப்ளிப். விரித்தால் சாதா போன், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கேலக்ஸி இசட் ஃப்ளிப், மோட்டோரோலா ரேஸர் இந்த வகை.

ஃபோல்டு வாங்குபவருக்குப் பெரிய திரை வேண்டும். ஃப்ளிப் வாங்குபவருக்குச் சின்ன போன் வேண்டும். இந்த இரண்டில் உங்களுக்கு எது குறை என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். "இப்போதைய போனில் எக்ஸெல் ஷீட் படிக்க முடியவில்லை" என்றால் ஃபோல்டு பக்கம் போகலாம். "கைப்பையில் போன் அடங்குவதில்லை" என்றால் ஃப்ளிப். இரண்டுமே எழுத வரவில்லை என்றால் உங்களுக்குத் தேவை சாதா போன்தான். அந்தக் காசில் நல்ல கேமராவும் பெரிய பேட்டரியும் கிடைக்கும்.

2. எத்தனை முறை மடிப்பீர்கள் என்று கணக்குப் போடுங்கள்

"அடிக்கடி மடித்தால் உடைந்துவிடாதா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இதற்குக் கணக்கு இருக்கிறது. சாம்சங் தன் ஆரம்ப கால மடிக்கும் போன்களுக்குச் சொன்ன சோதனை அளவு 2 லட்சம் முறை. ஒரு நாளைக்கு 100 தடவை மடித்தால் அந்த எண்ணிக்கையைத் தொட ஐந்தரை வருடம் ஆகும். ஃபோல்டு 7-இல் இருக்கும் திரையை 5 லட்சம் முறை சோதித்ததாக சாம்சங் டிஸ்ப்ளே 2025-இல் சொன்னது.

இப்போது டிஜிட்டல் வெல்பீயிங்கில் எடுத்த எண்ணைப் பாருங்கள். ஃப்ளிப்பில் ஏறக்குறைய ஒவ்வொரு முறை போனை எடுக்கும்போதும் திறந்தாக வேண்டும், ஆகவே அந்த எண் அப்படியே மடிப்புக் கணக்கு. ஃபோல்டில் பாதிக்கு மேற்பட்ட வேலை வெளித் திரையிலேயே (மூடிய போனின் வெளிப்பக்கத்தில் இருக்கும் திரை) முடிந்துவிடும், மடிப்பு மிகவும் குறையும்.

இந்த எண்கள் ஆய்வகத்தில், தூசி இல்லாத இடத்தில், ஒரே சீராக மடித்துப் பெற்றவை. நம் ஊர்ப் புழக்கத்தில் மடிப்பின் எண்ணிக்கையை விட மடிப்புக்குள் நுழைவதுதான் போனைக் கெடுக்கும். அதற்கு நான்காவது படி.

3. வெளித் திரையில் உங்கள் நாள் ஓடுமா என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். என் அனுபவத்தில், மடிக்கும் போன் ஒருவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை வெளித் திரைதான் தீர்மானிக்கிறது. காரணம் எளிது: ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் போன். அப்போது யூபிஐ ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் யாரும் இரண்டு கையால் போனை விரிப்பதில்லை.

ஒரு நாள் முழுக்க நீங்கள் போனில் செய்யும் சின்னச் சின்ன வேலைகளை எழுதுங்கள். கடையில் காசு அனுப்புவது, ஓடிபி பார்ப்பது, வாட்ஸ்அப்பில் "வந்துட்டேன்" என்று ஒரு வரி போடுவது, பஸ்ஸில் நின்றுகொண்டே மேப் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "மூடியபடியே முடியுமா?" என்று குறியுங்கள்.

ஃபோல்டு 7-இன் வெளித் திரை 6.5 இன்ச். அகலமும் சாதா போனைப் போலவே இருப்பதால் இந்தப் பட்டியல் முழுக்கத் தாராளமாக ஓடும். ஃபோல்டு 5 வரை வந்த பழைய மாடல்களில் வெளித் திரை ஒடுக்கமானது. கட்டை விரலால் தட்டச்சு செய்யும்போது பக்கத்து எழுத்து விழும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய மாடலைப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஃப்ளிப் 7-இன் வெளித் திரை 4.1 இன்ச், ஃப்ளிப் 6-இல் 3.4 இன்ச். நோட்டிஃபிகேஷன் பார்க்க, பாட்டு மாற்ற, சிறு பதில் அனுப்ப இது போதும். ஆனால் சாம்சங் ஃப்ளிப்பில் எல்லா ஆப்பும் தானாக வெளித் திரையில் வராது. குட் லாக் என்ற ஆப்பைப் போட்டு ஒவ்வொன்றாக அனுமதிக்க வேண்டும். மோட்டோரோலா ரேஸரில் இந்தத் தடை குறைவு.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சின்ன வெளித் திரையில் தமிழ் கீபோர்டைத் திறந்தால் அதுவே திரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். வந்த செய்தி மறைந்துவிடும், எதற்குப் பதில் எழுதுகிறோம் என்று பார்க்க முடியாது. தமிழில் நிறைய எழுதுபவர் என்றால் ஃப்ளிப்பை வாய்ஸ் டைப்பிங்கோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஃபோல்டின் உள் திரையில் வேறு சிக்கல்: அகலம் அதிகம், கட்டை விரல் நடு எழுத்துகளுக்கு எட்டாது. கீபோர்டை இரண்டாகப் பிரித்து வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பழக ஒரு வாரம் ஆகும்.

4. நீங்கள் புழங்கும் இடத்தைப் பாருங்கள்

போன் பெட்டியில் ஐபி என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இதைச் சேர்த்துப் படிக்காமல் பிரித்துப் படியுங்கள்.

ஃபோல்டு 7, ஃப்ளிப் 7 இரண்டும் ஐபி48. தண்ணீருக்கு 8 என்பதால் மழையில் நனைந்தால் பயமில்லை. தூசிக்கு வெறும் 4. அதாவது 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது என்பது மட்டுமே உறுதி. கடற்கரை மணலில் பெரும்பகுதி அதைவிடச் சிறியது. பழைய மாடல்களில் ஐபிஎக்ஸ்8 என்று இருக்கும். எக்ஸ் என்றால் தூசிக்கு மதிப்பீடே தரவில்லை என்று பொருள். சாதா போன்களில் விலை உயர்ந்தவை பெரும்பாலும் ஐபி68, தூசி உள்ளே போகாது. மடிக்கும் போன்களில் 2025-இல் வந்த பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு ஐபி68 தருகிறது. தூசிதான் உங்கள் தடை என்றால் அதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.

அரிசி ஆலை, மாவு மில், மர இழைப்பகம், கட்டட வேலை இடம், பஞ்சு பறக்கும் நூற்பாலை, பனியன் கம்பெனி. இந்த இடங்களில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு மடிக்கும் போனை நான் பரிந்துரைப்பதில்லை. கீலுக்குள் துகள் சேர்ந்தால் திறக்கும்போது நறநறவென்று சத்தம் வரும். மடித்த நிலையில் ஒரு மணல் துகள் உள்ளே சிக்கினால் மெல்லிய திரையில் அது நேரடியாகக் குத்தும்.

அலுவலகத்தில் வேலை செய்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். கோயிலில் வாங்கிய திருநீறும் குங்குமமும் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதே பையில் மடிக்கும் போனைப் போடாதீர்கள். திருநீறு மாவைப் போல நுண்ணியது, கீலுக்குள் போனால் துடைத்து எடுக்க முடியாது.

5. எப்படி எடுத்துச் செல்வீர்கள்?

ஃபோல்டு 7-இன் எடை 215 கிராம், சாம்சங்கின் உயர்ந்த சாதா போனான கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா 218 கிராம். ஆக, எடையைக் காரணம் காட்டி ஃபோல்டை ஒதுக்கும் நிலை ஃபோல்டு 7 போன்ற மெல்லிய மாடல்களில் இல்லை. ஆனால் ஃபோல்டு 6 239 கிராம், தடிமனும் 12 மில்லிமீட்டருக்கு மேல். மேல் சட்டைப் பையில் போட்டுக் குனிந்தால் நழுவி விழும்.

ஃப்ளிப் மடித்தால் அகலமாகவும் தடிமனாகவும் இருக்கும், நீளம் பாதியாகிவிடும். சின்ன பர்ஸ், ஆழமில்லாத சுடிதார் பாக்கெட் இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான போன் கிடையாது.

பைக்கில் போன் ஹோல்டர் வைத்திருக்கிறீர்களா? சாதா போனிலேயே பெரிய இன்ஜின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-இல் எச்சரித்தது. மடிக்கும் போனில் ஹோல்டரின் பிடி கீலின் மேலேயே அழுத்தும் ஆபத்தும் சேர்கிறது. டெலிவரி வேலை, டாக்ஸி ஓட்டுவது போன்ற தொழிலில் இருப்பவர்களுக்குச் சாதா போன்தான் சரி.

இன்னொன்றைத் தவறாமல் சொல்ல வேண்டும். மடிக்கும் போன்களை மூடி வைக்க உள்ளே காந்தங்கள் இருக்கின்றன. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் போனை நெஞ்சுப் பக்கம் உள்ள பையில் வைக்கக் கூடாது. வாங்கும் முன்னரே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

6. உள் திரையால் உங்களுக்கு என்ன லாபம் என்று அளந்து பாருங்கள்

"படம் பார்க்கப் பெரிய திரை" என்றுதான் பலர் ஃபோல்டு பக்கம் போகிறார்கள். இங்கேதான் கணக்கு தேவை.

ஃபோல்டு 7-இன் உள் திரை 8 இன்ச், ஏறக்குறைய சதுரம். வீடியோ சதுரமாக இருப்பதில்லை, ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். வழக்கமான யூடியூப் வீடியோ அதில் சுமார் 6.8 இன்ச் மூலைவிட்டத்தில் தெரியும். 6.9 இன்ச் எஸ்25 அல்ட்ராவில் அதே வீடியோ சுமார் 5.9 இன்ச்தான். பரப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், நல்ல லாபம்.

ஆனால் தியேட்டரில் வரும் அகலமான சினிமாஸ்கோப் படத்தை எடுங்கள். ஃபோல்டில் அதன் அகலம் சுமார் 5.9 இன்ச், அல்ட்ராவில் சுமார் 6.3 இன்ச். நம் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இந்த அகல வடிவம்தான். படம் பார்ப்பதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து ஃபோல்டு வாங்கினால், அல்ட்ராவை விடச் சின்னதாகவே படம் பார்ப்பீர்கள்.

உள் திரை உண்மையில் பயன்படும் இடங்கள் வேறு. பிடிஎஃப் படிப்பது, எக்ஸெல், பத்திரப் படிகளைப் பெரிதாக்காமல் படிப்பது, ஒரு பக்கம் வீடியோ மீட்டிங் மறு பக்கம் குறிப்பு, மேப்பும் வாட்ஸ்அப்பும் பக்கத்தில் பக்கத்தில். உங்கள் ஒரு வாரக் கணக்கில் இந்த வகை வேலை தினமும் ஒரு மணி நேரமாவது இருந்தால் ஃபோல்டு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ரீல்ஸும் வாட்ஸ்அப்பும்தான் பெரும்பகுதி என்றால் இல்லை.

ஃப்ளிப்பில் உள் திரை சாதா போன் திரைதான். அங்கே லாபம் பாதி மடித்து மேசையில் நிறுத்துவது: ஸ்டாண்டு இல்லாமல் வீடியோ கால், முதன்மைக் கேமராவிலேயே செல்ஃபி.

பேட்டரியும் கேமராவும் சுருக்கமாக. ஃபோல்டு 7-இல் 4,400 எம்ஏஎச், ஃப்ளிப் 7-இல் 4,300, அல்ட்ராவில் 5,000. திரை பெரிதாக, பேட்டரி சிறிதாக இருப்பதால் மாலைக்குள் ஒருமுறை சார்ஜ் போட வேண்டி வரலாம். தொலைவில் இருப்பதை ஜூம் செய்து எடுப்பதில் மெல்லிய ஃபோல்டு அதே நிறுவனத்தின் உயர்ந்த சாதா போனை எட்டுவதில்லை.

7. முழுச் செலவையும் எழுதுங்கள்

ஃபோல்டு 7 இந்தியாவில் வந்தபோது தொடக்க விலை 1,74,999 ரூபாய். எஸ்25 அல்ட்ரா 1,29,999. 45,000 ரூபாய் வித்தியாசத்தோடு கணக்கு முடிவதில்லை.

சர்வீஸ் சென்டருக்கு நேரிலோ போனிலோ இந்த நான்கைக் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்க வேண்டாம். உள் திரை மாற்ற என்ன விலை? மேலே ஒட்டியிருக்கும் ஃபிலிம் மட்டும் உரிந்தால் அதை மாற்ற என்ன விலை, எத்தனை நாள்? கீல் பழுது வாரண்டியில் வருமா? உதிரி பாகம் இங்கேயே இருக்குமா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா? நான்காவது கேள்விக்கு வரும் பதில் மிக முக்கியம். போனை வாரக் கணக்கில் விட்டுவிட்டு வர முடியாதவர்கள் பலர்.

உள் திரை மாற்றும் செலவு போன் விலையில் கணிசமான பங்கு என்பதால், மடிக்கும் போனுக்குச் சேதக் காப்பீட்டைப் போன் விலையின் ஒரு பகுதியாகவே கருதுங்கள். சாதா போனில் அது இருந்தால் நல்லது என்ற அளவுதான். எக்ஸ்சேஞ்சில் மடிக்கும் போனின் மதிப்பு வேகமாக இறங்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள்: விலை, காப்பீடு, இடையில் ஒருமுறை ஃபிலிம் மாற்றம். அதிலிருந்து கிடைக்கக்கூடிய மறுவிற்பனைத் தொகையைக் கழித்து, நீங்கள் வைத்திருக்கப்போகும் வருடங்களால் வகுங்கள். இரண்டு போனுக்கும் இதைச் செய்த பிறகே ஆஃபர் விளம்பரத்தைப் பார்க்க வேண்டும்.

8. கடையில் செய்ய வேண்டிய சோதனை

இதுவரை வந்து, இன்னும் மடிக்கும் போன்தான் வேண்டும் என்று தோன்றினால் கடைக்குப் போகலாம். வழக்கமான உடையில் போங்கள், வழக்கமான பையோடு.

முதல் பத்து நிமிடம் போனை விரிக்காதீர்கள். மூன்றாம் படியில் எழுதிய பட்டியலை மூடிய நிலையிலேயே செய்து பாருங்கள். பையில் போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். விரித்துவிட்டால் கண் பெரிய திரைக்குப் போய்விடும், வெளித் திரையின் குறை தெரியாது.

அப்புறம் டெமோ போனையே கூர்ந்து பாருங்கள். வருகிறவர்கள் எல்லாம் திறந்து மூடிய போன் அது. ஒன்றிரண்டு வருடம் கழித்து உங்கள் போன் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மடிப்புக் கோட்டில் ஃபிலிம் தூக்கியிருக்கிறதா, ஓரத்தில் காற்றுக் குமிழி இருக்கிறதா, முழுக்கத் தட்டையாக விரிகிறதா என்று பாருங்கள். திரையை அணைத்து விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் மடிப்புக் கோட்டின் ஆழம் தெரியும். பிறகு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து நேராகப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போதும் கோடு கண்ணை உறுத்தினால் பழகிவிடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

கடைசியாக, பாதி திறந்து விடுங்கள். வைத்த கோணத்தில் நிற்க வேண்டும்.

9. வாங்கிய முதல் நாள்

பெட்டி பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். இரண்டு திரையையும் எரியவிட்டுப் புள்ளி, கோடு இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். பிறகு சொன்னால் நீங்கள் அழுத்தியது என்பார்கள்.

உள் திரையின் மேலே ஒட்டியிருக்கும் ஃபிலிமை உரிக்காதீர்கள். பழக்க தோஷத்தில் புது போன் ஃபிலிம் என்று நினைத்து நகத்தால் கிளப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது திரையின் ஓர் அடுக்கு. 2019-இல் முதல் கேலக்ஸி ஃபோல்டை விமர்சனத்துக்கு வாங்கிய சிலர் அதை உரித்ததில் திரையே போனது. போன் வெளியீடு ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். உரியத் தொடங்கினால் சர்வீஸ் சென்டரில்தான் மாற்ற வேண்டும். தெருக்கடையில் டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவது உள் திரைக்குக் கூடவே கூடாது: கண்ணாடி மடியாது, மூடும்போது திரையை நெரிக்கும்.

விசிட்டிங் கார்டு, பஸ் டிக்கெட், சிம் குத்தும் பின் எதையும் நடுவில் வைத்து மூடாதீர்கள். சாதாரண ஸ்டைலஸ் பேனாவால் உள் திரையில் எழுத வேண்டாம்.

செட்டிங்ஸில், போனை மூடியதும் ஆப் வெளித் திரையில் தொடர வேண்டுமா என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேப்புக்கும் யூபிஐக்கும் தொடரும்படி வையுங்கள். மூடியவுடன் எல்லாம் மறைந்துவிடுகிறது என்ற புகார் பெரும்பாலும் இந்த ஒரு செட்டிங்கால் வருவது. பழைய போனை ஒரு மாதம் விற்காமல் வைத்திருங்கள்.

10. வீட்டுப் பெரியவர்களுக்கு என்றால்

அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிக்கு என்றால் மேலே உள்ள பெரும்பாலான படிகள் தேவையில்லை. அவர்களுக்கு மடிக்கும் போன் என்றால் கீபேட் ஃப்ளிப்தான். மூடினால் கால் கட் ஆகும், திறந்தால் எடுக்கும். பையில் இருக்கும்போது பட்டன் அழுந்தி யாருக்கோ கால் போகும் தொல்லை இல்லை. 2022-இல் இந்தியாவில் வந்த நோக்கியா 2660 ஃப்ளிப் இந்த வகை. பெரிய பட்டன்கள், தனியாக ஓர் அவசர பட்டன், காது கேட்கும் கருவியோடும் பயன்படுத்தலாம்.

வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். 4ஜி இருக்க வேண்டும். 2ஜி மட்டும் உள்ள மலிவான ஃப்ளிப்பில் ஜியோ சிம் வேலை செய்யாது. அப்புறம், இதில் வாட்ஸ்அப் கிடையாது. பேரன் பேத்தி முகத்தை வீடியோ காலில் பார்க்க ஆசைப்படுகிறவர் என்றால், பெரிய எழுத்து வைத்த சாதா ஸ்மார்ட்போன்தான் அவருக்கு ஏற்றது. எது வேண்டும் என்று அவரிடமே கேட்டு, கையில் கொடுத்துத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். விரலில் வாதம் இருப்பவர்களுக்கு இறுக்கமான கீலைத் திறப்பதே சிரமமாக இருக்கும்.